பின் வரிசையில் உட்காருகிறவர்கள்: தோட்டத்துப் பட்டணமும் புதியவர்களை ஏற்கும் விசுவாசமும்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் வடக்கே, தைப்பிங்குக்கும் பாரிட் புந்தாருக்கும் நடுவே இருக்கிறது பாகான் செராய். ஒரு பக்கம் நெல்வயல், இன்னொரு பக்கம் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை. கரும்பு போய் ரப்பர் வந்து, ரப்பர் போய் செம்பனை வந்த வட்டாரம் இது. இப்படிப்பட்ட தோட்டத்துப் பட்டணங்களில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கோ ஆராதனைக்கோ போனால், பின் வரிசையில் நமக்குப் பழக்கமில்லாத சில முகங்களைப் பார்க்கலாம். புளோரஸ் தீவிலிருந்து செம்பனை வெட்ட வந்த இந்தோனேசியக் கத்தோலிக்கர் அங்கே இருப்பார். மியன்மாரின் சின் மலைகளிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பம் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து உணவக வேலைக்கு பெர்மிட்டில் வந்த ஒரு தம்பி ஒதுங்கி நிற்பார். தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) உடைக்கப்பட்டு, போன மாதம்தான் பக்கத்துத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) குடிவந்த நம்ம ஆட்களே ஒரு வீட்டார் இருப்பார்கள்.

வழிபாடு முடிந்ததும் நாம் கூட்டம் கூட்டமாக நின்று பேசுவோம். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. அதனால் நம் சபை அன்பான சபை என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். கிறிஸ்தவ விசுவாசம் இதைவிடக் கூடுதலாக எதைக் கேட்கிறது, ஏன் கேட்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். வேதாகமத்தில் புதியவரை ஏற்பது இரக்கத்தில் தொடங்குவதில்லை, நினைவில் தொடங்குகிறது. வாசலில் கை குலுக்குவதோடு அது நிற்பதும் இல்லை. வந்தவர் கையில் பொறுப்பை ஒப்படைக்கும் வரை போகிறது.

நினைவு என்றதும் நம் கதையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1880-களில் கெரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது 1910-இல் நின்றது. அதற்குப் பிறகு ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது பெரும்பாலும் கங்காணிகள்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பும் முன் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்தார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலின் பெயர் இன்றைக்கும் பல குடும்பங்களில் அடிபடும். 1928-இல் ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயித்தார்கள். உலக மந்தம் வந்ததும் 1930-களின் தொடக்கத்தில் அந்தக் கூலியையும் குறைத்து, வேலை இல்லாதவர்களை ஆயிரக்கணக்கில் திரும்பக் கப்பலேற்றினார்கள். தேவைப்பட்டபோது கூப்பிட்டு, தேவை தீர்ந்ததும் அனுப்பிய கதை நம்முடையது.

அந்தக் காலத்தில் வந்த தமிழர்களில் கத்தோலிக்கரும் இருந்தார்கள். பாரிஸ் வெளிநாட்டு மிஷனைச் சேர்ந்த ரெனே ஃபே என்ற பாதிரியார் அவர்களில் பல குடும்பங்களை பாகான் செராய்ப் பக்கம் நிலத்தில் குடியமர்த்தினார். புனித சூசையப்பரின் பெயரால் அது சூசைப்பாளையம் ஆனது. ஃபே பின்னாளில், 1896-இல், மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். இந்த வரலாற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அந்த வரவேற்பு எடுத்த வடிவம்தான். பூசை வைத்துக் கொடுத்ததோடு அந்தப் பாதிரியார் திருப்திப்படவில்லை. காலூன்ற மண் வேண்டும், பக்கத்தில் பேச ஆள் வேண்டும், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் செத்தால் அடக்கம் செய்யவும் இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் பாட்டன்மார் கூலிக் கணக்கில் ஓர் எண்ணாக இருந்தது மாறி ஊர்க்காரர்களாக ஆனது இப்படித்தான்.

இப்போது வேதத்துக்கு வருவோம். லேவியராகமம் 19-ஆம் அதிகாரம், உங்களோடு தங்கும் அந்நியனை உங்களில் பிறந்தவனைப் போல நடத்துங்கள், அவனை உங்களைப் போல நேசியுங்கள் என்கிறது. அதற்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது: நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள். உபாகமம் 24-ஆம் அதிகாரம் இதை வயலுக்கே கொண்டுபோகிறது. அறுக்கும்போது மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, ஒலிவ மரத்தை இரண்டாம் முறை உதிர்க்காதே, அது அந்நியனுக்கும் அனாதைக்கும் விதவைக்கும் உரியது என்கிறது. அந்தச் சட்டத்தின் தயவில் கதிர் பொறுக்கிப் பிழைத்தவள்தான் மோவாப் தேசத்து ரூத். அவள் வம்சத்தில் தாவீது வந்தார், தாவீதின் வம்சத்தில் இயேசு வந்தார். செம்பனைப் பழக்குலை விழுந்த இடத்தில் சிதறிய உதிரிப்பழத்தைப் பொறுக்கி வளர்ந்த நம்மவர்களுக்கு ரூத்தின் கதை புரிய உரையாசிரியர் தேவையில்லை.

புதிய ஏற்பாட்டில் இது இன்னும் இறுகுகிறது. கடைசித் தீர்ப்பைப் பற்றிச் சொல்லும் மத்தேயு 25-இல், "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்கிறார் இயேசு. வந்தவரை ஏற்றது தம்மையே ஏற்றது என்று கணக்கெழுதுகிறார். லூக்கா 14-இல் இன்னொரு பேச்சு வருகிறது. விருந்து வைத்தால் சிநேகிதரையும் சொந்தக்காரரையும் பணக்கார அயலாரையும் கூப்பிடாதே, அவர்கள் உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக் கடனைத் தீர்த்துவிடுவார்கள், ஏழைகளையும் ஊனரையும் கூப்பிடு என்கிறார். நம் கல்யாணங்களில் மொய் எழுதும் நோட்டு எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் 100 வெள்ளி (ரிங்கிட்) வைத்தார்கள் என்றால் நாம் குறைத்து வைக்க மாட்டோம். இயேசு அந்த நோட்டை மூடச் சொல்கிறார். நம் ஊர்ப் பழக்கத்தில் கிறிஸ்மஸுக்கும் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் திறந்த இல்ல உபசரிப்பு உண்டு. இனம் மதம் பார்க்காமல் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடும் இந்த வழக்கம் நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்று. ஆனால் அதிலும் நாம் கூப்பிடுவது நம்மைத் திரும்பக் கூப்பிடக்கூடியவர்களைத்தான். தோட்டத்து விடுதியில் பத்துப் பேரோடு ஓர் அறையைப் பகிரும் நேப்பாளத் தொழிலாளிக்கு நம்மைத் திரும்ப அழைக்க வீடே கிடையாது.

யாக்கோபின் நிருபம் இன்னும் நேராகச் சொல்கிறது. பொன் மோதிரம் போட்டவர் சபைக்குள் வந்தால் நல்ல இடத்தில் உட்கார வைக்கிறீர்கள், கந்தையோடு ஏழை வந்தால் அங்கே நில் என்கிறீர்களே என்று கேட்கிறது. யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பது யாக்கோபுக்கு உபசாரத்தோடு முடிகிற விஷயம் அல்ல, விசுவாசமே அதில்தான் தெரிகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தப் பகுதியைக் கூச்சத்தோடுதான் வாசிக்க முடியும். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் இரண்டு சாதியாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காணும்படி கோயிலையே இரண்டு கைகளாகக் கட்டி, நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். அந்தச் சுவர் இடிக்கப்பட்டது 1910-இல்தான். கப்பலேறி வந்தபோது அந்தச் சுவரில் கொஞ்சத்தை நம்மவர்கள் மனசுக்குள் கட்டிக்கொண்டு வந்தார்கள். சாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்கள் இருந்தன. கல்யாணப் பேச்சில் இன்றைக்கும் அது தலை காட்டுகிறது. உள்ளே இருப்பவரையே முழுதாகச் சேர்த்துக்கொள்ளாத சபை வெளியிலிருந்து வருகிறவரை எப்படிச் சேர்த்துக்கொள்ளும்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் புதியவர்களைப் பற்றிப் பேசுவதில் பலன் இல்லை.

ஆதிச் சபையில் நடந்த ஒரு தகராறு நம் நிலைமைக்கு மிகவும் பொருந்துகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். எருசலேமில் விசுவாசிகள் பெருகியபோது கிரேக்க மொழி பேசுகிற யூதர்கள் ஒரு குறை சொன்னார்கள்: தினசரிப் பந்தி விசாரிப்பில் எங்கள் விதவைகளை விட்டுவிடுகிறார்கள். ஒரே மதம், ஒரே இனம், ஆனால் பேச்சு வேறு. எபிரெயர் உள்ளூர்க்காரர்கள், இவர்கள் வெளியூர்ப் பழக்கத்தோடு வந்தவர்கள். வேண்டுமென்று யாரும் விட்டிருக்க மாட்டார்கள். பரிமாறுகிறவருக்குத் தெரிந்த முகங்களுக்கு முதலில் சாப்பாடு போயிருக்கும். தெரியாத முகங்கள் காத்திருந்திருக்கும்.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? குறை சொன்னவர்களைக் கண்டிக்கவில்லை. "எல்லோரையும் சமமாக நடத்துங்கள்" என்று ஒரு பிரசங்கம் வைத்து முடித்துவிடவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசிப் பெயருக்குரியவர் பிறப்பால் யூதரே இல்லை, அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தில் சேர்ந்தவர். குறைபட்ட கூட்டத்தாரிடமே பந்தியின் சாவியைக் கொடுத்தார்கள் என்றுதான் இதை வாசிக்கத் தோன்றுகிறது. அந்த ஏழு பேரில் ஸ்தேவான் முதல் இரத்தசாட்சி ஆனார். பிலிப்பு சமாரியாவுக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுபோனார். சாப்பாடு பரிமாற நியமிக்கப்பட்டவர்கள் சபையின் எல்லையையே விரித்துவிட்டார்கள்.

நம் சபைகளில் இது என்னவாக இருக்கும்? இந்தோனேசியத் தொழிலாளி முதல் வாசகத்தைத் தன் மொழியில் வாசிக்கலாம். மலாய் நம் எல்லோருக்கும் புரியும், அதில் ஒரு ஜெபம் சொன்னால் தமிழ்ப் பூசையின் தமிழ் கெட்டுவிடாது. அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தை மாதம் ஒரு தடவை அவர்கள் தங்கும் விடுதிப் பக்கம் வைக்கலாம். திருவிழாச் சமையலில் அவர்களை எச்சில் இலை எடுக்க மட்டும் கூப்பிடாமல், என்ன சமைக்கலாம் என்று பேசும்போதே கூப்பிடலாம். செயற்குழுவில் ஒரு நாற்காலி கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்தால் அவர்கள் எப்போதும் விருந்தாளிகளாகவே இருப்பார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. தோட்டத் தமிழர்களின் மனசில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மேல் ஒரு வலி இருக்கிறது. 1980-களில் குத்தகைக்காரர்கள் மூலம் இந்தோனேசியத் தொழிலாளர்கள் தோட்டங்களுக்குள் வந்தார்கள், பிறகு வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் வந்தார்கள். கூலி ஏறவில்லை. அதே காலத்தில் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. மூன்று தலைமுறை ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பங்கள் கையில் சொற்ப நஷ்டஈட்டோடு புறம்போக்குக் கம்பங்களுக்கும் (சிற்றூர்) மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போயின. "நம்ம வேலைய அவன் எடுத்துக்கிட்டான்" என்று சாப்பாட்டுக்கடையில் ஒரு பெரியவர் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு லயம் இடிந்த சத்தம் இருக்கிறது. அதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

வலி உண்மை, ஆனால் அதைக் கொண்டுபோய் வைக்கும் இடம் தவறு. கூலியை நிர்ணயித்தது வந்தவர் இல்லை, நிலத்தை விற்றதும் அவர் இல்லை. அவர் ஊரில் கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்கவே முதல் வருடங்களை உழைத்துத் தீர்க்கிறார். கங்காணியிடம் முன்பணம் வாங்கிய நம் பூட்டனும் இதைத்தான் செய்தார். தோட்டத் தொழிலாளருக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்று நம்மவர்கள் பல்லாண்டுகள் போராடினார்கள். தீபகற்பத்தில் 900 ரிங்கிட் என்ற குறைந்தபட்ச சம்பளம் 2013-இல் வந்தது, 2025-இல் அது 1,700 ரிங்கிட் ஆனது. தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரருக்கும் அந்தச் சட்டம்தான். அவருக்கு அதைக் கொடுக்காமல் ஏமாற்ற முடிகிற வரை உள்ளூர்க்காரரை வேலைக்கு எடுக்க முதலாளிக்கு அவசியம் வராது. இது நம் நன்மைக்கான வாதம், அதையும் சொல்லத்தான் வேண்டும். வேதம் மட்டும் இந்த வாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. லாபம் வந்தால் நேசி என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

நல்ல மனசு மட்டும் போதாது, சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தொழிலாளியின் கடப்பிதழை (பாஸ்போர்ட்) முதலாளி பிடித்து வைப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் 2019 முதல் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைவிபத்துக் காப்புறுதி உண்டு. தங்குமிடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. கையில் அரிவாள் வெட்டோடு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறவருக்காக ஜெபித்த கையோடு சொக்சோ பாரத்தையும் நிரப்பிக் கொடுக்கிற சபை மத்தேயு 25-ஐப் புரிந்துகொண்ட சபை. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தர்) இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஆசிரியர்கள், நர்சுகள் என்று நம் சபைகளில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை.

எல்லையும் உண்டு. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆவணமில்லாதவருக்கு அடைக்கலம் கொடுத்தால் குடிநுழைவுச் சட்டம் அபராதமும் சிறையும் விதிக்கிறது. சாலையில் போலீஸ் தடுப்பு என்றால் ஐ.நா. அகதி அட்டை வைத்திருக்கிற சின் குடும்பம்கூட வீட்டைவிட்டு வெளியே வராது, பூசைக்கும் வராது. அதனால் ஆர்வக்கோளாறில் தனி ஆளாக எதையும் செய்யாமல், மறைமாவட்டத்திலும் சபைத் தலைமையிலும் இதற்கென்று வேலை செய்கிறவர்களிடம் கேட்டுச் செய்வது நல்லது. முதலாம் நூற்றாண்டையொட்டி எழுதப்பட்ட திதாக்கே என்ற சபை ஒழுங்கு நூலே இப்படி யோசித்திருக்கிறது. வழிப்போக்கரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று நாள் தங்கட்டும், அதற்கு மேல் இருக்க விரும்பினால் அவருக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்கிறது. ஏமாற்றுகிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். அதற்காக அவர்கள் கதவை அடைக்கவில்லை, ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் இன்னொரு முக்கியமான விஷயம். நம் தோட்டங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள், நேப்பாளிகளில் பலர் இந்துக்கள். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே மற்ற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது, பேராக் உட்பட பல மாநிலங்களில் அதற்கான சட்டமும் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்: சோற்றைத் தூண்டிலில் கோத்துக் கொடுக்கக் கூடாது. நல்ல சமாரியன் அடிபட்டவரைச் சத்திரத்தில் சேர்த்து இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். அடிபட்டவர் அதற்குப் பிறகு எந்த மலையில் தொழுதார் என்று லூக்கா எழுதவில்லை, இயேசுவும் அதைக் கேட்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசன் ஜூலியன், இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் போஷிக்கிறார்களே என்று தன் பூசாரிக்கு எழுதிக் குறைபட்டான். எதிரி குறையாக எழுதியதைவிட நல்ல சான்றிதழ் சபைக்குக் கிடைக்காது. வாங்குகிற பக்கத்திலும் நாம் இருந்திருக்கிறோம். பவுல் கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறியபோது மழையிலும் குளிரிலும் தீ மூட்டி அவரைச் சேர்த்துக்கொண்டவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. தோட்டத்தில் பக்கத்து லயத்து இந்துக் குடும்பம் நமக்குச் செய்ததும், கம்பத்து மலாய்க்காரர் செய்ததும் எத்தனையோ.

போப் பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டின் புலம்பெயர்ந்தோர் தினச் செய்தியில் நான்கு காரியங்களைச் சேர்த்தே சொன்னார்: வரவேற்பது, பாதுகாப்பது, வளர்த்துவிடுவது, ஒன்றாக இணைப்பது. 2013-இல் ரோமுக்கு வெளியே அவர் முதன்முதலாகப் போனதே அகதிகள் படகில் வந்து இறங்கும் லம்பெடூசா தீவுக்குத்தான். அந்த நான்கில் முதல் மூன்றையும் ஓரளவு செய்துவிடலாம். நான்காவது, தோட்டத்துப் பட்டணத்தில் சிக்கலாகிறது, ஏனென்றால் பெர்மிட்டில் வருகிறவர் போய்விடுவார். மனைவி மக்களைக் கூட்டி வர முடியாது, இங்கே கல்யாணம் செய்யவும் அனுமதி இல்லை. சில வருடங்களில் அவர் பெயர் நம் சபைப் பதிவேட்டில் இருக்காது. இவருக்காக எதற்கு இவ்வளவு என்ற கேள்வி செயற்குழுவில் வரத்தான் செய்யும். லூக்கா 14 இங்கேதான் திரும்ப வருகிறது: அந்த விருந்துக்குத் திரும்ப அழைப்பு வராது.

இருக்கும் நாட்களில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஞாயிறு காலையில் பசியாறக் கூப்பிடலாம். கிறிஸ்மஸ் இரவில் ஊருக்கு வீடியோ கால் போட கோயில் வைஃபையைத் திறந்து விடலாம். சாவு வந்தால் என்ன செய்வோம் என்றும் யோசித்து வைக்கலாம். ஆளே இல்லாத ஊரில் ஒருவர் இறந்துபோனால் சவக்கிடங்கில் கையெழுத்துப் போடவும், உடலை ஊருக்கு அனுப்பும் வரை கூட நிற்கவும், அங்கே ஒரு தாயிடம் போனில் சொல்லவும் யாராவது வேண்டும். நம் தோட்டங்களில் பழைய காலத்திலிருந்து மரண சகாய நிதி உண்டு. மாதம் சில வெள்ளி கட்டுவோம், யார் வீட்டில் சாவு என்றாலும் சவப்பெட்டிச் செலவை நிதி ஏற்கும். பல சபைகளும் அப்படி ஒரு நிதி வைத்திருக்கின்றன. பெர்மிட்டில் வந்தவர்களை அதில் உறுப்பினராகச் சேர்க்க விதிமுறையில் என்ன தடை இருக்கிறது, அதை எப்படித் திருத்துவது என்பதை அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வைக்கலாம்.